மாணவரின் சிக்கனமும் சமுதாயத்தின் கணக்கும்

பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த செய்தி வரும் நாள் ஒரு தமிழ்க் குடும்பத்திற்குத் திருநாள். உறவினர் வந்து வாழ்த்துவர். கோயிலில் அருச்சனை நடைபெறும். பயின்ற பள்ளியில் பாராட்டு விழா எடுத்துப் பொன்னாடை போர்த்துவர். விழா முடிந்து, பிள்ளை பெட்டியைக் கட்டும் வேளையில், வாழ்த்தியோர் அனைவரும் ஒரே குரலில் வழங்கும் அறிவுரை ஒன்று உண்டு. "கோலாலம்பூர் செலவு மிகுந்த ஊர்; சிக்கனமாய் இருந்துகொள்ள வேண்டும், தம்பி" என்பதே அது.

அவ்வறிவுரை தவறானதன்று. ஆயினும் அதைச் சொன்ன அளவில் தம் கடமை முடிந்துவிட்டதாகப் பெரியோர் கருதுவதுதான் தவறு. விலைவாசி மிகுந்த தலைநகரில் ஒரு மாணவர் படித்துப் பட்டம் பெறுவது அவருடைய தனிப்பட்ட ஒழுக்கத்தைப் பொறுத்த செய்தி என்றும், பணம் போதவில்லை எனில் அவர் ஊதாரி என்றும் ஓர் எண்ணம் சமுதாயத்தில் வேரூன்றியுள்ளது. அவ்வெண்ணம் கணக்கிற்கு ஒவ்வாதது, அறத்திற்கும் ஒவ்வாதது.

வள்ளுவர் எவர்க்குச் சொன்னார்?

சிக்கனத்தை வற்புறுத்தும் தமிழாசிரியர் பலர் வள்ளுவரைத் துணைக்கு அழைப்பர். பொருள் வரும் வழி சிறிதாயினும், அது போகும் வழி அகலாதிருந்தால் கேடில்லை என்னும் கருத்து வகுப்பறைதோறும் விளக்கப்படுவது. ஆயின் அக்குறள் எங்கே நிற்கிறது என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே. அது பொருட்பாலில், அரசியலில், வலியறிதல் என்னும் அதிகாரத்தில் நிற்கிறது. செலவின் வழியை விரிக்கவும் சுருக்கவும் அதிகாரம் படைத்த அரசனை நோக்கிச் சொல்லப்பட்டது அது. அறை வாடகையையோ சோற்றின் விலையையோ தாம் முடிவு செய்ய இயலாத இருபது வயது மாணவரிடம் அதனைச் சொல்லிவிட்டு, முடிவு செய்யும் ஆற்றல் உடையோர் வாளாவிருப்பது வள்ளுவர் நெறியாகாது.

அதே அதிகாரத்தின் தொடக்கத்தில் வள்ளுவர் நான்கு வலிமைகளைச் சீர்தூக்கிப் பார்க்கச் சொல்கிறார். மேற்கொண்ட செயலின் வலிமை, தன் வலிமை, எதிர்நிற்பவனின் வலிமை, துணை நிற்போரின் வலிமை என்பன அவை. மாணவரின் வாழ்க்கைச் செலவையும் இவ்வாறே தூக்கிப் பார்த்தால் உண்மை விளங்கும். இங்குச் செயல் பட்டப்படிப்பு. எதிர்நிற்பது நகரத்தின் விலைவாசி. துணை நிற்க வேண்டியது சமுதாயம்.

நகரத்தின் வலிமை

ஊழியர் சேமநிதி வாரியமும் மலாயாப் பல்கலைக்கழகத்தின் சமூகநல ஆய்வு மையமும் சேர்ந்து 'பெலஞ்சாவான்கு' என்னும் செலவு வழிகாட்டியை 2019ஆம் ஆண்டு முதல் வெளியிட்டு வருகின்றன. கிள்ளான் பள்ளத்தாக்கில் தனியாக வாழும் ஒருவர், சொந்த வாகனம் இன்றிப் பொதுப் போக்குவரத்தையே நம்பியிருந்தாலும், அவருக்கு மாதம் 1,930 வெள்ளி தேவைப்படும் என்று 2022/2023ஆம் ஆண்டின் வழிகாட்டி மதிப்பிட்டது. அது வேலை செய்யும் ஒருவருக்கான கணக்கு. மாணவர் அதனினும் குறைவாக வாழலாம், வாழவும் செய்கின்றனர். ஆயினும் நகரம் எவ்வளவு கேட்கிறது என்பதற்கு அது ஓர் அளவுகோல்.

நகரம் முதலிற் கேட்பது அறைக்குரிய பணத்தை. பல்கலைக்கழக விடுதியில் முதலாண்டு மாணவர்க்கு இடம் கிடைப்பது எளிது; பின்வரும் ஆண்டுகளில் அது உறுதியில்லை. புறப்பாட நடவடிக்கைகளில் பெற்ற புள்ளிகளைக் கொண்டு இடம் வழங்கும் முறையில், புள்ளி குறைந்தவர் வெளியேறி அறை தேட வேண்டும். மாதம் 500 வெள்ளி வாடகையில் ஓர் அறை அமைந்தது எனக் கொள்வோம். வீட்டு உரிமையாளர் இரண்டு மாத வாடகையை வைப்புத் தொகையாகக் கேட்பார். மின்சாரத்திற்கும் தண்ணீருக்கும் அரை மாத வாடகையைப் பிணையாகக் கேட்பார். முதல் மாத வாடகையையும் முன்னதாகவே கேட்பார். ஆயிரம், இருநூற்றைம்பது, ஐந்நூறு எனக் கூட்டினால் 1,750 வெள்ளி. பாயை விரித்துப் படுப்பதற்கு முன்பே கொடுக்க வேண்டிய தொகை இது.

2025ஆம் ஆண்டு பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. ஆலையிலோ காவற்பணியிலோ அச்சம்பளம் பெறும் தந்தை, அதில் 11 விழுக்காட்டைச் சேமநிதிக்குச் செலுத்தியபின் வீட்டுக்குக் கொண்டுவருவது ஏறக்குறைய 1,500 வெள்ளி. அதாவது, அவர் தம் ஒரு மாத உழைப்பை முழுமையாக எடுத்து வைத்தாலும் மகளின் அறைக் கதவு திறவாது. அக்குடும்பம் எங்கே செல்லும்? தாயின் தாலிக்கொடி அடகுக் கடைக்குச் செல்லும். அதுவும் போதாதாயின் 'ஆலோங்' எனப்படும் வட்டிக்காரரின் வாயில் இருக்கிறது. தோட்டத்து மக்கள் ஒரு காலத்தில் ஒருவர்க்கொருவர் உதவக் 'கூட்டு' பிடித்தனர். நடத்தியோர் சிலர் பணத்தோடு மறைந்தமையால் ஏமாந்தோர் பலர். 'கூட்டு' என்னும் தமிழ்ச் சொல்லையே தன் பெயரில் தாங்கிய தடைச் சட்டம் 1971இல் வந்தது. பழைய வழி அடைபட்டது. அதற்கு ஈடான புதிய வழியைச் சமுதாயம் சமைத்துத் தரவில்லை.

தமிழ் மாணவர்க்கு மற்றுமொரு தடையும் உண்டு. இந்தியருக்கு அறை இல்லை என்று விளம்பரத்திலேயே அச்சமின்றி எழுதுவோர் இந்நகரில் இருக்கின்றனர். எழுதாமல், தொலைபேசியில் பெயரைக் கேட்டவுடன் "அறை போய்விட்டது" என்று சொல்வோர் அவரினும் பலர். பத்துக் கதவுகளில் ஐந்து சாத்தப்பட்டால், எஞ்சிய ஐந்தில் கேட்கும் விலையைக் கொடுத்தே ஆக வேண்டும். அல்லது தொலைவில் தங்கி, நேரத்தை விலையாகக் கொடுக்க வேண்டும். தோலின் நிறத்திற்காகச் செலுத்தும் இவ்வரியை எந்தச் சிக்கனத்தால் குறைப்பது?

மாணவரின் வலிமை

மாணவர் கையில் இருப்பது என்ன? 1997ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைக்கப்பட்ட தேசிய உயர்கல்வி நிதிக் கழகமாகிய பி.டி.பி.டி.என். தரும் கடனே பெரும்பாலோர்க்குக் கதி. பொதுப் பல்கலைக்கழகத்தில் முதற்பட்டம் பயில்வோர்க்கு அதன் உச்ச அளவு, பாடத்துறைக்கு ஏற்ப, ஆண்டுக்கு ஏறக்குறைய 6,000 முதல் 7,000 வெள்ளி. 2014இல் இக்கடனின் உச்சவரம்பு குறைக்கப்பட்டதே அன்றி, நகரத்தின் விலைகள் அதன் பின்னர்க் குறைந்தனவல்ல. இத்தொகை பருவந்தோறும் பிரித்து வழங்கப்படுகிறது. விண்ணப்பம், ஒப்பந்தம், சரிபார்ப்பு எல்லாம் முடிந்து பணம் வந்து சேர்வதற்குள் முதற்பருவத்தின் வாரங்கள் சில கழிந்துவிடும்.

7,000 வெள்ளி முழுவதும் கிடைத்தது எனவும், கல்விக் கட்டணமே இல்லை எனவும் மாணவர்க்குச் சார்பாகவே வைத்துக்கொண்டு கணக்கிடலாம். பன்னிரண்டு மாதங்களுக்குப் பகுத்தால் மாதம் 583 வெள்ளி. சேமநிதி வாரியத்தின் அளவுகோலில் இது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

இனிச் செலவு. பந்தாய் டாலாமில் ஓர் அடுக்குமாடி வீட்டில், இருவர் பகிர்ந்துகொள்ளும் அறையில் ஒருவர் பங்கு 400 வெள்ளி என்க. மின்சாரம், தண்ணீர், இணையம் ஆகியவற்றிற்கு 40. காலையில் நாசி லெமாக்கும் தேநீரும் 5 வெள்ளி, மதியம் சோறும் காயும் ஒரு துண்டு மீனும் 7 வெள்ளி, இரவு 6 வெள்ளி. நாளொன்றுக்கு 18, மாதத்திற்கு 540. பயண அட்டைக்கு 50, கைத்தொலைபேசிக்கு 35, நகலெடுத்தல், அச்சிடுதல், நூல் ஆகியவற்றிற்கு 40, சவர்க்காரம், துணி துவைத்தல் முதலியவற்றிற்கு 40. ஆகமொத்தம் 1,145 வெள்ளி. இதில் திரைப்படம் இல்லை, புதுச்சட்டை இல்லை, தீபாவளிக்கு ஊருக்குச் செல்லும் பேருந்துக் கட்டணமும் இல்லை, காய்ச்சல் வந்தால் மருந்தும் இல்லை. இருந்தும் மாதந்தோறும் 562 வெள்ளி குறைகிறது.

இப்போது அம்மாணவர் பெரியோர் சொற்படி சிக்கனத்தைக் கைக்கொள்கிறார். காலைத் தேநீரை அறவே விடுகிறார். நாளுக்கு 2 வெள்ளி வீதம் 60 வெள்ளி மிச்சம். இரவுச் சோற்றை விட்டு, மாகிப் பொட்டலத்தை வெந்நீரில் போட்டு உண்கிறார். நாளுக்கு நாலரை வெள்ளி வீதம் 135 வெள்ளி மிச்சம். இரண்டையும் சேர்த்தால் 195. குறை இன்னும் 367 வெள்ளி! தேநீரையும் சோற்றையும் துறந்த பின்னரும் பாதிக் குறையைக்கூட அவரால் அடைக்க இயலவில்லை. மிச்சப்படுத்திய அந்த 195 வெள்ளியும் பணப்பையிலிருந்து வந்ததன்று, வயிற்றிலிருந்து வந்தது. பொதுப் பல்கலைக்கழகங்களில் மாணவர்க்கு உணவுப் பொருள் வழங்கும் உணவு வங்கித் திட்டத்தை அரசாங்கமே 2019இல் தொடங்க வேண்டியிருந்தது எனில், பசி கற்பனையன்று என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

மறுப்புரைகளும் விடையும்

இதற்கு மறுப்புக் கூறுவோர் மூவகையினர்.

முதல்வகையினர், இன்றைய மாணவர் ஊதாரிகள் என்பர். தவணையில் வாங்கிய விலையுயர்ந்த கைத்தொலைபேசியையும், வீட்டு வாயிலுக்கே வரவழைக்கும் உணவையும், கடனில் எடுத்த மோட்டார் சைக்கிளையும் சுட்டிக்காட்டுவர். அத்தகையோர் இல்லை என்பதற்கில்லை. கடன் தொகை கைக்கு வந்த முதல் மாதத்தில் செல்வராயும், மூன்றாம் மாதத்தில் இரவலராயும் வாழ்வோர் உண்டு; அவர்களைக் கண்டிப்பது ஆசிரியர் கடமை. ஆனால் வீண்செலவு செய்பவனுக்கும் செய்யாதவனுக்கும் மாத முடிவில் ஒரே நிலை நேருமாயின், குற்றம் வீண்செலவில் மட்டும் இல்லை என்பது தெளிவு. மேற்காட்டிய கணக்கில் வீண்செலவு என்று நீக்குவதற்கு எந்த வரி இருக்கிறது?

இரண்டாம் வகையினர், "பகுதிநேர வேலை செய்யட்டுமே" என்பர். உழைப்பு இழிவன்று; தோட்டத்தில் விடியுமுன் பிரட்டுக்கு நின்ற பாட்டியின் பேரப்பிள்ளைக்கு அதை எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. ஆனால் மணிக்கு எட்டு வெள்ளி என்னும் கூலியில் 562 வெள்ளி ஈட்ட மாதம் எழுபது மணி நேரம் நிற்க வேண்டும். அந்த எழுபது மணி நேரம் எங்கிருந்து வரும்? நூலகத்திலிருந்தும் உறக்கத்திலிருந்தும் வரும். இங்கே ஒரு கொடுமை ஒளிந்துள்ளது. சிறப்பு முதல் வகுப்பில் தேறுவோர்க்கு, உரிய விதிகளுக்கு உட்பட்டு, கடனைத் திருப்பிச் செலுத்துவதிலிருந்து விலக்கு உண்டு. வாடகையைப் பெற்றோர் கட்ட, படிப்பு ஒன்றே கருத்தாய் இருந்தவர் அவ்விலக்கை அடைதல் எளிது. வாடகைக்காக இரவெல்லாம் கடையில் நின்று, காலை விரிவுரையில் கண்ணயர்ந்து, இரண்டாம் வகுப்பில் தேறியவர் கடன் முழுவதையும் ஆண்டுக்கு 1 விழுக்காடு சேவைக் கட்டணத்தோடு திருப்பித் தருவார். அறை இல்லாமையின் விலையை அவர் இருமுறை செலுத்துகிறார்.

மூன்றாம் வகையினர் பழைய பட்டதாரிகள். "அந்நாளில் இதனினும் குறைந்த பணத்தில் படித்தோம்" என்பர். அவர்கள் பட்ட பாடு மெய். அதை எவரும் சிறுமைப்படுத்தலாகாது. ஆனால் 1969இல் பினாங்கிலும் 1970இல் தேசியப் பல்கலைக்கழகமாயும் புதியவை தோன்றும்வரை நாட்டில் மலாயாப் பல்கலைக்கழகம் ஒன்றே இருந்தது. பயின்றோர் தொகை சிறிது. கதவு குறுகியதாயினும் உள்ளே நுழைந்தவர்க்கு இடம் இருந்தது. இன்று கதவு அகன்றுள்ளது. உள்ளே படுக்கைதான் இல்லை. தம் துன்பத்தை அடுத்த தலைமுறையும் படட்டும் என்பது அனுபவத்தின் மொழியன்று.

பொது ஏற்பாடு ஒன்று எவ்வாறு பயன்தரும் என்பதற்கு எடுத்துக்காட்டு இந்நகரிலேயே உண்டு. மாதம் 50 வெள்ளி செலுத்தினால் நகரத் தொடர்வண்டிகளிலும் பேருந்துகளிலும் எத்தனை முறையும் செல்லலாம் என்னும் பயண அட்டை வந்தபின், மாணவரின் போக்குவரத்துச் செலவு ஓர் எல்லைக்குள் அடங்கியது. எவரும் "குறைவாய்ப் பயணம் செய்" என்று உபதேசிக்க வேண்டியிருக்கவில்லை. போக்குவரத்துக்கு இயன்றது உறைவிடத்திற்கு இயலாதா?

துணையின் வலிமை

இனி நான்காவது வலிமை. இச்சமுதாயம் வறியது, ஆதலின் இயலாது என்பது சிலர் கூற்று. வரலாறு அதனை மறுக்கிறது.

1950களில் தமிழவேள் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' நிதியைத் திரட்டினார். அப்போது சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறையில் தமிழ் நிலைபெற வேண்டும் என்பதே நோக்கம். தோட்டத்திலும் துறைமுகத்திலும் உழைத்தோர் ஆளுக்கு ஒரு வெள்ளி என்று கொடுத்தனர். கொடுத்தவர்களில் பலர் பல்கலைக்கழகத்தைக் கண்ணாலும் கண்டதில்லை. 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாய்ச் சென்று, ஆளுக்குப் பத்து வெள்ளி என்று திரட்டினார். துண்டாடப்பட்டு விற்கப்பட்ட தோட்டங்களைத் தொழிலாளரே வாங்க அப்பணம் வழிசெய்தது. அன்று கொடுத்தோர்க்கு இன்றுள்ள சம்பளம் இல்லை, வீடு இல்லை, வாகனம் இல்லை. ஆயினும் நூலகத்திற்கும் நிலத்திற்கும் அவர்களிடம் பணம் இருந்தது.

இன்று பணம் இல்லாமலில்லை. மண்டபங்கள் எழுகின்றன, குடமுழுக்குகள் நடைபெறுகின்றன, விழா மேடைகளில் ஒருவர் மாற்றி ஒருவர்க்கு மாலை அணிவிக்கின்றனர். இலக்கிய அமைப்புகளும் இதற்கு விலக்கல்ல. நூல் வெளியீட்டு விழாக்களின் விருந்திற்கும் அலங்காரத்திற்கும் செலவழியும் பணத்தை எண்ணிப் பார்த்தால், ஏழை மாணவனைப் பற்றி உருக்கமாய்ச் சிறுகதை எழுதும் கைகளே வெட்கும். கோயில் கூடாது, விழா கூடாது என்பது இங்கு வாதமன்று. பல்கலைக்கழகங்கள் நிறைந்த கிள்ளான் பள்ளத்தாக்கில், குறைந்த கட்டணத்தில் மாணவர் தங்க எத்தனை படுக்கைகளை இச்சமுதாயம் அமைத்துள்ளது என்பதே வினா.

ஒரு படுக்கையின் மதிப்பைக் கணக்கே கூறும். இரவுக்கு 5 வெள்ளி, அதாவது மாதம் 150 வெள்ளிக்கு மின்சாரமும் தண்ணீரும் உட்பட ஓர் இடம் கிடைக்குமாயின், முன்னர்க் காட்டிய 440 வெள்ளி 150 ஆகும், மிச்சம் 290. தேநீரையும் இரவுச் சோற்றையும் விடாமலேயே மாணவரின் குறை 562இலிருந்து 272 ஆகக் குறையும். அதில் 150 வெள்ளியை எளிய குடும்பமும் அரும்பாடுபட்டேனும் அனுப்பும். எஞ்சிய 122 வெள்ளியை வார இறுதியில், மாதம் பதினைந்து மணி நேர வேலையில் மாணவரே ஈட்டிக்கொள்வார். பசியும் இல்லை; ஆலோங்கும் இல்லை; படிப்பும் கெடவில்லை. பட்டினி கிடந்து பெற முடியாததை ஒரு படுக்கை பெற்றுத் தருகிறது.

செய்ய வேண்டியவை

ஆதலின், முதற்கடமை சமுதாய அமைப்புகளுக்கு உரியது. புதிய கட்டடம் எழும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. கோயில்களும் சங்கங்களும் கூட்டுறவு அமைப்புகளும் நகரில் வீடுகளை வாடகைக்கு எடுத்து, வைப்புத் தொகையைத் தாமே கட்டி, மாணவர்க்கு அறை அறையாய்க் கொடுக்கலாம். இந்தியர் என்பதற்காகச் சாத்தப்படும் கதவும் ஓர் அமைப்பின் பெயருக்குத் திறக்கும். வைப்புத் தொகையை மட்டுமேனும் வட்டியின்றிக் கடனாகத் தரும் நிதி ஒன்றைத் தொடங்கலாம். அறையைக் காலி செய்கையில் அத்தொகை திரும்பி, அடுத்த மாணவருக்குச் செல்லும். பாராட்டு விழாவில் தரும் கேடயத்தினும் அது பயன் மிக்க பரிசு.

இரண்டாவது கடமை பல்கலைக்கழகங்களுக்கும் அரசாங்கத்திற்கும் உரியது. இடம் வழங்கும் கடிதத்தோடு, நான்கு ஆண்டுக்கும் ஆகும் வாழ்க்கைச் செலவின் மெய்யான கணக்கை வெளியிடுதல் வேண்டும். கடனின் அளவு நகரத்திற்கு ஏற்ப மாறுதல் வேண்டும். கோலாலம்பூரில் பயில்பவர்க்கும் வாடகை குறைந்த சிற்றூரில் பயில்பவர்க்கும் ஒரே தொகை என்பது சமத்துவம் போல் தோன்றும் ஏற்றத்தாழ்வு.

மூன்றாவது கடமை ஆசிரியர்க்கு உரியது. ஆறாம் படிவத்திலும் மெட்ரிகுலேஷன் வகுப்பிலும் சிக்கனத்தைப் பற்றிக் கட்டுரை எழுதச் செய்வதோடு நில்லாமல், கணக்கு எழுதச் செய்தல் வேண்டும். அக்கணக்கின் முதல் வரி தேநீர் அன்று, வாடகை என்பதை மாணவர் அறிய வேண்டும். கடன் பணம் தாமதமாகும் என்பதையும், தகுதியுடையோர் முன்பணத்திற்கு விண்ணப்பிக்கலாம் என்பதையும், விடுதியில் மறுமுறை இடம் பெற முதலாண்டிலேயே புள்ளி சேர்க்க வேண்டும் என்பதையும், தவணையில் பொருள் வாங்கும் வலையையும் சொல்லித்தர வேண்டும். முன்னாள் மாணவர் துணையோடு நம்பத்தக்க அறைகளின் பட்டியலைப் பள்ளிதோறும் வைத்திருந்தால், அப்பள்ளிப் பிள்ளைகளில் ஒருவரேனும் முதல் மாதத்தில் தெருவில் அலைய நேராது.

மாணவர்க்கும் கடமை உண்டு. கணக்கு எழுதுதல், கடனை அஞ்சுதல், இல்லாமையை மறைத்துப் பட்டினி கிடவாமல் வாய்விட்டுக் கேட்டல் ஆகியவை அவர் கடமைகள். இவற்றில் மூன்றாவதுதான் கடினமானது. "சிக்கனமாய் இரு" என்று சொல்லி அனுப்பிய வீட்டிடம் "போதவில்லை" என்று சொல்ல எந்தப் பிள்ளைக்கும் நா எழாது. அந்நா எழும்படி செய்வதும் பெரியோர் பொறுப்பே.

அடுத்த முறை ஒரு பிள்ளைக்குப் பொன்னாடை போர்த்தி வாழ்த்தும் மேடையில், அறிவுரை வழங்குவோர் ஒரு வினாவையும் சேர்த்துக் கேட்கட்டும்: "தங்க இடம் இருக்கிறதா, தம்பி?" இல்லை என்ற விடை வந்தால், அவ்விடத்திலேயே அதற்கு வழி தேடட்டும். தாம் காணாத பல்கலைக்கழகத்திற்காக ஆளுக்கு ஒரு வெள்ளி கொடுத்த தொழிலாளரின் வழிவந்தோர்க்கு அது இயலாத செயலன்று.